எங்கள் பக்கத்துப் பேகடா

திருவொற்றியூரில் எங்கள் தெருவில் கடிகாரம் பார்த்து யாரும் எழுந்ததில்லை. கம்பெனிச் சங்கு ஊதும், அடுப்பு பற்றும். என்ஃபீல்டு, விம்கோ தீப்பெட்டி, எம்.ஆர்.எஃப். டயர், இன்னும் வடக்கே போனால் எண்ணூரில் அசோக் லேலண்டு என்று ஆலைகளை நம்பியே ஊர் நடந்த காலம். ஒவ்வொரு சங்குக்கும் ஒரு சுருதி உண்டு. எது எந்தக் கம்பெனியுடையது என்று நைனா படுத்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவார். சங்கீதத்தில் அவருக்கு இருந்த ஞானம் அவ்வளவுதான் என்று வெளியார் நினைத்திருப்பார்கள். ஆனால் வெள்ளிக்கிழமை ஷிப்டு முடிந்து வந்ததும் நகக்கண்ணில் ஏறிய கிரீஸை மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்துக் கழுவி, வேட்டி மாற்றி, என்னைக் கூட்டிக்கொண்டு வடிவுடையம்மன் கோயிலுக்குக் கிளம்பிவிடுவார். அங்கே ஓதுவார் பாடி முடிக்கிறவரை தூணை விட்டு நகரமாட்டார்.

அந்த ஓதுவார் பாடிவிட்டுப் போய்விடுகிற ஆளில்லை. பதிகம் முடிந்ததும் யாராவது நின்றுகொண்டிருந்தால் போதும், பாட்டு பிறந்த கதையைத் தொடங்கிவிடுவார். இது இன்ன பண், இதைப் பாடியபோது சுந்தரர் இன்ன நிலையில் இருந்தார், ஏன் இந்த இடத்தில் குரல் தழதழக்கிறது என்று சொல்லிவிட்டு அதே அடியை மறுபடி பாடுவார். முதல் தடவை காதில் விழாதது இரண்டாம் தடவை விழும். பின்னாளில் ஏ.சி. அரங்குகளில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்து கேட்ட, ஒரே கருவைச் சுற்றிப் பாட்டும் பேச்சுமாக அமையும் கருப்பொருள் கச்சேரிகள் எல்லாவற்றுக்கும் எனக்கு அளவுகோல் அவர்தான்.

மாசித் திருவிழாவில் மகிழடி சேவை என்று ஒன்று எங்கள் ஊரில் நடக்கும். சுந்தரர் திருவொற்றியூருக்கு வருகிறார். திருவாரூரில் பரவை இருக்கிறாள். இங்கே கோயிலுக்குப் பூத்தொடுக்கும் சங்கிலியைப் பார்த்து மனம் போகிறது. உன்னைப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்தால்தான் கல்யாணம் என்கிறாள் அவள். கருவறையில் சாமி முன்னால் சத்தியம் செய்தால் பின்னால் ஊர் திரும்ப முடியாதே என்று சுந்தரர் சிவனிடம் ஓர் ஏற்பாடு செய்கிறார்: அந்த நேரத்துக்கு நீர் மகிழ மரத்தடியில் போய் இரும். சிவனும் சரி என்கிறார். சரி என்று சொல்லிவிட்டு, சங்கிலியின் கனவில் போய், மகிழ மரத்தடியிலேயே சத்தியம் வாங்கு என்று சொல்லிவிடுகிறார். ஒரு நாள் சுந்தரர் சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டுகிறார். கண்பார்வை போய்விடுகிறது. அந்த இருட்டில்தான் பாட்டு வருகிறது.

எங்கள் தெருப் பெண்கள் இந்தக் கதையில் எப்போதும் சங்கிலி கட்சி. "இன்னா சாமி இது, ரெண்டு பக்கமும் பேசுது" என்று ஒரு ஆயா வருஷம் தவறாமல் சண்டைக்கு நிற்கும். ஓதுவார் சிரித்துக்கொண்டே, "அதான் ஆயா பாட்டே" என்பார்.

இப்படிப் பாட்டையும் கதையையும் அது நடந்த இடத்தையும் சேர்த்து வைத்துக் கேட்பது எங்கள் ஊருக்குப் பழைய வழக்கம். இரண்டாம் இராஜாதிராஜ சோழன் பங்குனி உத்திரத் திருவிழாவில் இதே மகிழ மரத்தடியில் உட்கார்ந்து, ஆளுடைய நம்பியான சுந்தரரின் புராணத்தைக் கேட்டதைக் கோயில் கல்வெட்டு சொல்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டுச் செய்தி. மடத்துத் தலைவர் சதுரானன பண்டிதரும் அன்று உடன் இருந்தார். அடுத்த நூற்றாண்டில் மூன்றாம் இராஜராஜன் இங்கே ஒரு தலைக்கோலியின் ஆடலைப் பார்த்த செய்தியும் கல்லில் இருக்கிறது. மார்கழி சீசனில் "புது முயற்சி" என்று யாராவது துண்டறிக்கை அடிக்கும்போது எனக்கு இந்தக் கல்வெட்டுகள்தான் நினைவுக்கு வரும்.

நான் கேட்ட முதல் கருப்பொருள் கச்சேரி மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு சபாவில் நடந்தது. எண்பதுகளின் கடைசி. தியாகராஜ சுவாமிகளின் திருவொற்றியூர்ப் பஞ்சரத்னம் என்று பேப்பரில் சின்ன விளம்பரம். திருவையாற்றுப் பஞ்சரத்னம் எல்லாருக்கும் தெரியும். நம் ஊருக்கும் ஐந்து இருக்கிறதா என்று நைனாவுக்கு ஆச்சரியம். அரை நாள் லீவு போட்டார். பாரிஸ் கார்னர் வந்து பஸ் மாறிப் போனோம். பின்வரிசையில் இடம் கிடைத்தது.

பாடகி ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் கொஞ்சம் பேசினார். ராமனைத் தவிர வேறு நினைப்பில்லாதவர் என்று நாம் நினைக்கும் தியாகராஜர், முதுமையில் தஞ்சாவூர்ச் சீமையை விட்டு யாத்திரை புறப்பட்டது, காஞ்சிபுரம், திருப்பதி, கோவூர் என்று போனது, கோவூர் சுந்தரேச முதலியாரின் பட்டணத்து வீட்டில் தங்கியது, அப்புறம் சீடர் வீணை குப்பய்யர் அழைத்துத் திருவொற்றியூருக்கு வந்தது என்று வரிசையாகச் சொன்னார். இங்கே வடிவுடையம்மனை, திரிபுரசுந்தரி என்ற பெயரில், ஐந்து ராகங்களில் பாடியிருக்கிறார்: கல்யாணி, ஆரபி, பேகடா, சாவேரி, சுத்த சாவேரி. இவற்றில் சுத்த சாவேரி மட்டும் கச்சேரிகளில் அடிக்கடி அடிபடும். மற்றவை எப்போதாவதுதான்.

அன்று எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது பேகடா. சுரத்தை அட்டவணையில் எழுதிக் காட்டினால் பேகடா பிடிபடாது. சங்கராபரணத்துக்குப் பக்கத்து வீடு மாதிரித் தெரியும். ஆனால் அதன் மத்திமத்தை ஒரு பிடி மேலே தூக்கி, நின்று, அசைத்து இறக்குகிறார்களே, அது வேறெந்த ராகத்திலும் இல்லை. நிஷாதமும் அப்படித்தான், கொஞ்சம் தயங்கி வரும். பாடகி அந்த மத்திமத்தை மட்டும் தனியாகப் பாடிக் காட்டினார். பிறகு சொன்னார்: தியாகராஜரை இங்கே அழைத்துவந்த குப்பய்யர் இந்த ஊர்க்காரர். இன்றைக்கும் எல்லாரும் பாடும் பேகடா வர்ணம் அவருடையது. சொல்லிவிட்டு வர்ணத்தின் பல்லவியைப் பாடி, அதே மூச்சில் கிருதிக்கு வந்தார். குருவும் சீடரும் ஒரே ராகத்தில் ஆளுக்கொரு வார்த்தை பேசிக்கொண்டது போல இருந்தது.

குப்பய்யர் தன் மகனுக்குக் குருவின் பெயரையே வைத்தார். அந்த மகன் திருவொற்றியூர்த் தியாகய்யர் என்றே அறியப்பட்டவர். 1900இல் 'பல்லவி ஸ்வரகல்பவல்லி' என்ற புத்தகம் அவர் வெளியிட்டது. ஊர்ப் பெயரைத் தலையில் சுமந்துகொண்டு ஒரு வித்வான் இருந்திருக்கிறார். நான் படித்த பள்ளியில் ஒரு வாத்தியார்கூட அவரைப் பற்றி வாய் திறந்ததில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் நைனா வெகுநேரம் பேசவில்லை. தண்டையார்பேட்டை தாண்டியதும் சொன்னார்: "பாட்டு நல்லா இருந்துச்சு. அந்தம்மா நம்ம ஊரப் பத்திச் சொன்னாங்களே, கடலோரத்துல அமைதியான சின்ன கிராமம்னு, அதோட நிறுத்திட்டாங்க. இப்போ அங்க ஆளே இல்லாத மாரி."

இந்தக் குறையை நான் பிறகு எத்தனையோ கருப்பொருள் கச்சேரிகளில் பார்த்தேன். சரித்திரம் 1840 வாக்கில் நின்றுவிடும். கோபுரத்தின் படம் திரையில் வரும், கோபுரத்தைச் சுற்றியிருக்கிற கண்டெய்னர் லாரி வராது. அம்மன் வருவாள், வெள்ளிக்கிழமை அவளைப் பார்க்க எலுமிச்சம்பழத்தோடு வரிசையில் நிற்கும் பெண்கள் வரமாட்டார்கள். பௌர்ணமி வெள்ளியில் மேலூர்த் திருவுடையம்மன், திருவொற்றியூர் வடிவுடையம்மன், திருமுல்லைவாயல் கொடியிடையம்மன் மூவரையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்று விடியலிலேயே பஸ் ஏறுகிறவர்கள் அவர்கள். தியாகராஜரின் பாட்டுக்கு இவர்களும் சம்பந்தப்பட்டவர்கள் என்பது பேச்சாளர்களுக்குத் தோன்றாது.

இதற்கு ஒரு சான்று என் கண்முன்னே நடந்தது. பஞ்சரத்னங்களை ஒரு டீச்சரிடம் கற்றுக்கொண்டிருந்த காலம். கொல்லைப்புறத்தில் துணி துவைத்துக்கொண்டே பேகடாவை முனகுவேன். பக்கத்து வீட்டு அத்தை நெல்லூர்ப் பக்கத்துக்காரர், மாமா ராயபுரத்தில் மீன் ஏலத்தில் கணக்கெழுதுபவர். ஒரு நாள் மதில்மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டுவிட்டு, "எங்கயிருந்துடி எங்க பேச்சுல அழுவுற? இத்தன பேருக்கு நடுவுல என்னையும் கொஞ்சம் பாரேன்னு அம்மாவக் கேக்குற, கேளு கேளு" என்றார். சபாவில் முன்வரிசையில் புத்தகம் வைத்து அர்த்தம் பார்த்தவர்களைவிட அத்தைக்கு அது நேராகப் போய்ச் சேர்ந்தது. எங்கள் பகுதியில் தெலுங்கு பேசுகிற வீடுகள் தெருவுக்குத் தெரு உண்டு. தியாகராஜர் இங்கே பாடியதில் ஒரு நியாயம் இருந்தது.

கச்சேரி முறையைக் குறை சொல்லிப் பயனில்லை. வர்ணம், நாலைந்து கிருதி, விஸ்தாரமாக ஒன்று, ராகம் தானம் பல்லவி, கடைசியில் துக்கடா என்று அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் சென்ற நூற்றாண்டில் நிலைநிறுத்திய வரிசை, இரண்டரை மணி நேரம் கூட்டத்தைக் கட்டிப்போடும் கெட்டிக்கார ஏற்பாடு. ஆனால் அந்த வரிசையில் ஏறும் பாட்டு தன் ஊரை இறக்கி வைத்துவிட்டுத்தான் ஏறுகிறது. திருவொற்றியூர் சுத்த சாவேரிக்கு அடுத்து திருவாரூர் யதுகுல காம்போதி வரும், கேட்பவருக்கு இரண்டும் ராகம் மட்டுமே. கருப்பொருள் கச்சேரி அந்த ஊரை மீட்டுத் தருகிறது. எங்களுக்குக் கைக்கெட்டும் பெரிய அரங்கமான பாரிஸ் ராஜா அண்ணாமலை மன்றத்தில் தமிழ் இசைச் சங்கம் நடத்தும் பண் ஆராய்ச்சிக் கூட்டங்களிலும் இதே சுவை உண்டு. புலவர் ஒரு பண்ணுக்கு இன்ன ராகம் என்பார், ஓதுவார் ஒருவர் எழுந்து இல்லை என்று பாடியே மறுப்பார். அங்கே தூக்கம் வராது.

வரலாற்றை அளவோடு பரிமாறத் தெரியாதவர்களும் உண்டு. ஒரு மாலையில் முக்கால் மணி நேரம் திரையில் படம் ஓடியது, ஆண்டுகளாக அடுக்கினார்கள், பாட்டு அரையும் குறையுமாக இரண்டு. பாட்டில் கேட்க முடியாத சரித்திரத்தைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? பேகடா மத்திமத்தைத் தனியாகப் பிடித்துக் காட்டிய அந்தப் பாடகிக்கு இது தெரிந்திருந்தது.

பாட்டுக்குள்ளேயே சரித்திரம் கேட்கும் என்பதற்கு மணலியை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. மணலி என்றால் இன்றைக்குச் சுத்திகரிப்பு ஆலையும் உரக் கம்பெனியும் ராத்திரி வானத்தில் எரியும் தீயும். பதினெட்டாம் நூற்றாண்டில் அது கோட்டையில் கவர்னர் பிகட்டின் துபாஷாக இருந்த முத்துகிருஷ்ண முதலியாரின் ஊர். திருவாரூரிலிருந்து ராமஸ்வாமி தீட்சிதரைக் குடும்பத்தோடு மணலிக்கு அழைத்துவந்தது அவர்தான். மூத்த மகன் முத்துஸ்வாமி தீட்சிதர் சிதம்பரநாத யோகியோடு காசிக்குப் புறப்பட்டது மணலியிலிருந்து. இளைய மகன் பாலுஸ்வாமி, முதலியாரின் மகன் வேங்கடகிருஷ்ண முதலியார் செய்த ஏற்பாட்டில், கோட்டை பேண்டைச் சேர்ந்த ஒரு வெள்ளைக்காரரிடம் பிடில் கற்றார். நம் சங்கீதத்துக்குள் பிடில் நுழைந்த வாசல்களில் ஒன்று மணலி. அண்ணன் முத்துஸ்வாமி கோட்டையில் கேட்ட பேண்டு மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் போட்டார். அவை நோட்டுஸ்வரங்கள். இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் மெட்டில் அம்பாளைத் துதிக்கும் பாட்டு ஒன்று உண்டு, அயர்லாந்து நாட்டு ஆட்ட மெட்டில் மீனாட்சி மேல் ஒன்று உண்டு.

நான் ராயபுரத்தில் பள்ளி ஆசிரியையாக இருந்தபோது பாடகித் தோழி ஒருத்தியை அழைத்து, பள்ளி ஹாலில் பிள்ளைகளுக்காக நோட்டுஸ்வரம் பாட வைத்தேன். மைக் செட்டுக்குத் தலைமையாசிரியர் சம்மதித்ததே பெரிது. பாதிப் பிள்ளைகள் காசிமேடு, மீதி ரயில்வே காலனி. தோழி முதலில் கமகத்தோடு ஒரு சங்கராபரணக் கிருதியை எடுத்துக் கொஞ்சம் பாடினாள். பிள்ளைகள் நெளிந்தார்கள். அடுத்து, அதே சங்கராபரணச் சுரங்களை அசைவில்லாமல் நேர்நேராக வைத்து நோட்டுஸ்வரம். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருத்தன் பெஞ்சில் விரலால் ஒன்-டூ-த்ரீ, ஒன்-டூ-த்ரீ என்று தட்ட ஆரம்பித்தான். அவன் அப்பா பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிப்பவர். எங்கள் பக்கத்தில் கல்யாணமானாலும் மாதா கோயில் திருவிழாவானாலும் சாவானாலும் பேண்டு இல்லாமல் நடக்காது.

"மிஸ், இது சாமிப் பாட்டு இல்ல, பேண்டுப் பாட்டு" என்றான்.

"ரெண்டும்தான்டா" என்றாள் தோழி.

மறுநாள் அப்பாவின் கிளாரினெட்டை ஒரு துணிப்பையில் கொண்டுவந்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாமரத்தடியில் வாசித்துக் காட்டினான். இரண்டாம் அடியில் தடுமாறினான், மற்றபடி முழுசாக வந்தது. இருநூறு வருஷத்துக்கு முன் கோட்டை பேண்டிலிருந்து மணலி தீட்சிதர் வீட்டுக்குப் போன மெட்டு, ராயபுரம் பேண்டு செட்டுக்குத் திரும்பி வந்துவிட்டது. தீட்சிதர் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார் என்பது என் கட்சி.

குப்பய்யர் வர்ணம், தியாகராஜர் கிருதி இரண்டுக்கும் பிறகு எனக்கு மூன்றாவது பேகடா 2017 பொங்கலுக்கு வந்தது. டி.எம். கிருஷ்ணா பாடிய 'சென்னை புறம்போக்குப் பாடல்'. கபேர் வாசுகி எழுதியது, ஆர்.கே. ஸ்ரீராம்குமார் மெட்டமைத்தது. ஆனந்தபைரவி, பேகடா, ஹமீர் கல்யாணி, தேவகாந்தாரி, சாலக பைரவி, சிந்து பைரவி என்று ஆறு ராகத்தில் மாலை. பேச்சோ எங்கள் சென்னைப் பேச்சு. படம் பிடித்த இடம் எண்ணூர்க் கழிமுகம். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த கொசஸ்தலையாற்றங்கரையில் நின்று அவர் பாடுகிறார். புறம்போக்கு என்றால் யாருக்கும் உரிமையில்லாத நிலம் அல்ல, எல்லாருக்கும் உரிமையுள்ள நிலம், அதைக் கட்டடம் கட்டி மூடினால் வெள்ளம் உன் வீட்டுக்கு வரும் என்பதே சாரம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்த ஊருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

காட்டுக்குப்பத்தில் இருந்த அம்மா வழி மாமாவுக்கு என் போனில் காட்டினேன். இறால் தடவிப் பிழைத்தவர், சாம்பல் சேற்றில் இறங்கி இறங்கிக் காலெல்லாம் வெடிப்பு. முதலில் பாடுகிறவரைப் பார்க்கவேயில்லை. பின்னால் தெரிகிற இடத்தைத்தான் பார்த்தார். "இது நம்ம முகத்துவாரம். அங்க இடுப்பளவு தண்ணி நிக்கும் அப்போ" என்று திரையில் விரலை வைத்தார். முழுசும் பார்த்துவிட்டு, "இவுரு சபாவுல பாடற ஆளா? வெயில்ல நிக்கிறாரே" என்றார். பிறகு என்னிடம், "நடுவுல ஒண்ணு இழுத்துப் பாடுனாரே, அத திரும்பப் போடு." போட்டேன். பேகடா. அதே மத்திமம். அம்மனிடம் என்னைப் பார் என்று கெஞ்சியது போய் இங்கே ஆற்றைப் பார் என்று அதட்டுகிறது.

அந்தப் பாட்டைப் பற்றி அன்றைக்குச் சங்கீத வட்டாரத்தில் ஏகப்பட்ட வாதம் நடந்தது. இது கர்நாடக சங்கீதமா, பிரசாரமா என்று கேட்டார்கள். ராகம் சுத்தமாக இருந்தது, பாட்டுக்கு ஓர் இடம் இருந்தது, இடத்துக்கு ஆட்கள் இருந்தார்கள். நைனா பஸ்ஸில் சொன்ன குறைக்குப் பதில் சொன்ன முதல் பாட்டு என்று நான் இதைச் சொல்வேன். அதைக் கேட்க அவர் இல்லை.

பட்டணத்தில் கொஞ்ச காலம் இருந்ததால் பட்டணம் சுப்பிரமணிய ஐயர் என்றும், அந்த ராகத்தைப் பாடுவதில் நிகரில்லாததால் பேகடா சுப்பிரமணிய ஐயர் என்றும் ஒருவரையே இரண்டு பெயரில் அழைத்திருக்கிறார்கள். பட்டணத்துக்கும் பேகடாவுக்கும் ஏதோ ஒட்டு இருக்கிறது. குப்பய்யர் வர்ணம், தியாகராஜர் கிருதி, சுப்பிரமணிய ஐயரின் ராக ஆலாபனை வழி, எண்ணூர்க் கழிமுகத்துப் பேகடா என்று ஒரு மாலை முழுக்கப் பாட விஷயம் இருக்கிறது. கூடவே ஆதிபுரீசுவரர் மேல் தீட்சிதரின் ஆரபி, எழுகிணற்றிலிருந்து நடந்தே வந்து வடிவுடையம்மனைப் பாடிய வள்ளலார், கடலோரத்தில் சமாதியான பட்டினத்தார், ராயபுரத்து பேண்டு செட்டின் நோட்டுஸ்வரம். ஒரே மாலையில் அடங்காது, மூன்று நாள் வேண்டும்.

சபாச் செயலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். திருவொற்றியூர்ப் பஞ்சரத்னத்தை ஆழ்வார்ப்பேட்டையில் தாராளமாக நடத்துங்கள். நடத்தியதை ஒரு தடவையாவது இங்கே கொண்டுவந்து நடத்துங்கள், ஷிப்டு முடிகிற நேரம் பார்த்து வையுங்கள், பேச்சைத் தமிழிலும் தெலுங்கிலும் வையுங்கள். இடம் கேட்டால் கோயில் மண்டபம் இருக்கிறது, பள்ளிக்கூட ஹால் இருக்கிறது. தூரம் என்று இனி யாரும் சொல்ல முடியாது. 2021 பிப்ரவரியிலிருந்து மெட்ரோ ரயில் திருவொற்றியூர் வரை வருகிறது.